தெரிந்த பிள்ளைக்கு ஒரு கயிறு

இந்தப் பக்கம் வந்து உட்காருங்கம்மா. அங்கே ஃபேன் சுற்றும், காற்று வராது. பதினாறு வாரமாக வருகிறேன், எந்த நாற்காலிக்குக் காற்று வரும் என்று எனக்குத் தெரியும். பையன் எத்தனாவது? மூன்றாவதா? முதல் தடவையா? பயப்படாதீர்கள். ஊசி கிடையாது. இங்கே கண்ணுக்குச் சொட்டு மருந்துகூடக் கிடையாது. மணி கோத்த கயிறு ஒன்று தருவார்கள். அவ்வளவுதான்.

எனக்கு ஒன்றும் இல்லை. நான் துணைக்கு வருகிறவள். உள்ளே மேடத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாளே, ரெட்டைச் சடை, அவள்தான் கெசியா. நாலாம் வகுப்பு. நான் அம்மா இல்லை, பெரியம்மா. என் கொழுந்தன் ஐசக்கின் மகள். ஒரே காம்பவுண்டு, ஒரே அடுப்பு. அவள் அம்மா ஷீபா நர்ஸ், ஷிஃப்ட் மாறி மாறி வரும். பிள்ளை என் கையில்தான் வளர்ந்தாள். எனக்கு ரெண்டு பையன்கள், பெரியவர்களாகிவிட்டார்கள். பெரியவன் கோயம்புத்தூரில் வாத்தியார். சின்னவன் செல்வின் மஸ்கட்டில் வெல்டிங் வேலை. அவனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் பையனுக்கு என்ன, வரி தாண்டுகிறானா? எழுத்து கோட்டை விட்டு இறங்குகிறதா? அதேதான். எங்கள் பிள்ளைக்கும் அதேதான்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டால், குடும்ப ஜெபத்தில் தெரிந்தது. எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபம். பாயை விரித்து வட்டமாக உட்காருவோம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஒரு ஜெபம். அதிகாரத்தை ஆளுக்கு ஒரு வசனமாக வாசிக்க வேண்டும். முதலில் ஐசக், அடுத்து எங்கள் வீட்டுக்காரர், அப்புறம் ஷீபா, அப்புறம் கெசியா, கடைசியில் நான். அதிகாரம் முடிகிறவரைக்கும் சுற்றிச் சுற்றி வரும். முடிவில் ஜெபம் பண்ணுவது நான். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியத்தில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை.

பிள்ளை இரண்டாம் வகுப்பிலேயே வாசிக்கத் திணறினாள். பாவமாக இருக்குமே. அதனால் நாங்கள் ரெண்டு பேரும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தோம். அதிகாரம் வரிசையாகத்தான் போகும், நாளைக்கு எது என்று இன்றைக்கே தெரியும். அஞ்சு பேர் என்றால் அவளுக்கு நாலு, ஒன்பது, பதினாலு. எனக்கு அஞ்சு, பத்து, பதினைந்து. அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட் என்றால் அவளுக்கு மூணு, ஏழு, பதினொன்று. மத்தியானமே உட்கார்ந்து அந்த வசனங்களை மட்டும் நெட்டுருப் போட்டுவிடுவோம். இந்தக் கணக்கைப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கெட்டிக்காரி, பார்த்தே பிடித்திருப்பாள்.

நெட்டுருப் போட முதலில் நான் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது, உங்களுக்குச் சொல்கிறேன். முந்தானையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வாசித்தால் எழுத்து ஒழுங்காக நிற்கும். அடியில் விரலை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். தலைவலி என்று அடிக்கடி வந்து படுத்துக்கொள்வேன். படிப்புக் கள்ளி என்றார் எங்கள் அப்பா. அது வேறு தலைவலி. பெண்பிள்ளைகளுக்கு வருகிறதுதான்.

பேர்ப் பட்டியல் அதிகாரம் வந்தால்தான் தொல்லை. இன்னார் இன்னாருக்கு மகன் என்று வரிசையாக வருமே. அதை நெட்டுருப் போட முடியாது. அந்த மாதிரி நாளில் பெரும்பாலும் எனக்கு அடுப்பில் பால் இருக்கும். எழுந்து போய்விடுவேன். பால் பொங்கினால் யாராவது போகத்தானே வேண்டும்? கெசியாவும் உதவிக்கு வருவாள்.

பள்ளிக்கூடத்தில் பால் கிடையாது. அங்கே மாட்டிக்கொண்டாள். வாசிக்கச் சொன்னால் ஒரு வரி விட்டு அடுத்த வரிக்குப் போகிறாள், கரும்பலகையில் இருப்பதை எழுதச் சொன்னால் பாதி எழுதுவதற்குள் மணி அடித்துவிடுகிறது என்று டீச்சர் ஷீபாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து ஷீபா நன்றாக ஏசினாள். டியூஷனில் விட்டாள். பாடத்தைப் பத்துத் தடவை எழுதிக்கொண்டு வா என்று டீச்சர் தண்டனை கொடுத்தார்கள். பிள்ளை நாலு தடவை எழுதிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாக்கி ஆறையும் நான் எழுதினேன். அப்படிச் செய்யக் கூடாது, தெரியும், அதை ஜெபத்தில் சொல்லிவிட்டேன். டீச்சரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ரெண்டு எழுத்தும் ஒரே மாதிரி, ஒரே சாய்மானமாகக் கோட்டை விட்டு இறங்கியிருந்தது. பிள்ளை என்னைப் பார்த்து எழுதிப் பழகினவள் இல்லையா?

நானும் என்னால் ஆனதைச் செய்தேன். மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். பிள்ளை தலையில் எண்ணெய் வைத்து ஜெபித்தேன். ஷீபாதான், “அக்கா, எண்ணெய் கண்ணுல வழியுது. ஏற்கெனவே அவளுக்கு வாசிக்க வர மாட்டேங்கு,” என்றாள். அவள் நர்ஸ். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

அப்புறம் ஒரு நாள் உபதேசியார் வந்தார். எங்கள் சபை உபதேசியார், வயதானவர், சைக்கிளில் வீடு வீடாக வந்து ஜெபிக்கிறவர். ஜெபத்துக்கு நடுவில் வந்தார். முதல் சுற்று முடிந்து, ரெண்டாம் சுற்றில் ஐசக் ஆறு வாசித்தாயிற்று, எங்கள் வீட்டுக்காரர் ஏழு வாசித்தாயிற்று. உபதேசியார் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். புத்தகத்தை வாங்கி எட்டாம் வசனத்தை அவர் வாசித்துவிட்டார். எட்டு ஷீபாவுடையது. ஷீபா ஒன்பதை வாசித்தாள். ஒன்பது கெசியாவுடையது.

கெசியா மறுபடியும் ஒன்பதையே சொன்னாள். அழகாக, ஒரு தடுமாற்றம் இல்லாமல், அம்மா அப்போதுதான் வாசித்து முடித்த வசனத்தைத் திரும்பச் சொன்னாள். புத்தகம் மடியில் இருந்தது, கண் சுவரில் இருந்தது.

அடுத்தது நான். நான் பத்தைச் சொன்னேன். கணக்கு சரியாகிவிட்டது. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

உபதேசியார், “ஏ பாப்பா, பன்னிரண்டாம் வசனத்தை வாசி பாப்போம்,” என்றார். பிள்ளை விரலை வைத்தாள். மேல் வரியில் பாதி, கீழ் வரியில் பாதி என்று வாசித்தாள். அர்த்தம் பயங்கரமாக இருந்தது. நான் காதில் சொல்லிக்கொடுத்திருப்பேன். ஆனால் பன்னிரண்டு எங்கள் கணக்கில் இல்லை.

ஷீபா கையை ஓங்கிவிட்டாள். உபதேசியார்தான் தடுத்தார். “அடிக்காதம்மா. என் பேரன் இப்படித்தான் இருந்தான். கண்ணைக் காட்டுங்க.”

“கண்ணு நல்லா இருக்கு ஐயா. எங்க ஆஸ்பத்திரி போர்டுல கடைசி எழுத்து வரைக்கும் சொல்லிட்டா.”

“அது தூரத்துக் கண்ணு. கிட்டத்துக் கண்ணைக் காட்டுங்க. இதுக்குன்னு பயிற்சி குடுக்கிற இடம் இருக்கு.”

அப்படித்தான் இங்கே வந்தோம். முதல் நாள் உள்ளே அந்த அறையில்தான். முபீனா மேடம், மேலப்பாளையத்துப் பெண், தலையில் முக்காடு போட்டிருக்கும், சின்னப் பெண்தான், ஆனால் ஒரு விஷயத்தை ரெண்டாம் தடவை கேட்காது. பென்சிலை மூக்குக்கு நேரே கொண்டுவந்து பார்த்தது. கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டது. ஒவ்வொரு கண்ணும் தனியாக நன்றாகப் பார்க்கிறதாம். ஆனால் கிட்டத்தில் வாசிக்கும்போது ரெண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே இடத்துக்கு வர மாட்டேன் என்கிறதாம். அதனால் எழுத்து ரெண்டாகும், வரி குதிக்கும், தலை வலிக்கும்.

“வாசிக்கும்போது எழுத்து ஆடுமா கெசியா?” என்று கேட்டது.

பிள்ளை அப்பாவியாக, “எல்லாருக்கும் ஆடத்தானே செய்யும்?” என்றது.

நானும், “ஆமாம்மா, எல்லாருக்கும் ஆடத்தான் செய்யும். விரலை வச்சு அழுத்திக்கிட்டா நின்னுரும்,” என்றேன்.

முபீனா என்னைப் பார்த்தது. ஷீபாவும் என்னைப் பார்த்தாள். “இல்ல பெரியம்மா. எல்லாருக்கும் ஆடாது,” என்றது முபீனா. அந்தப் பெண்ணுக்கு வயது காணாது. எல்லாருக்கும் என்ன ஆகும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

வாரத்துக்கு ரெண்டு நாள் இங்கே, தினமும் வீட்டில் கால் மணி நேரம். ஷீபாவுக்கு நேரம் ஏது? நான்தான் பார்த்துக்கொண்டேன். கயிற்றில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று மணி இருக்கும். ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்ட வேண்டும், மறு நுனியை மூக்கில் வைத்துப் பிடிக்க வேண்டும். மஞ்சள் மணியைப் பார்த்தால் கயிறு ரெண்டாகத் தெரிந்து மணியில் வந்து சேர வேண்டும். ஒரே கயிறாகத் தெரிந்தால் ஒரு கண் தூங்குகிறது என்று அர்த்தம். பிள்ளை தனியாகச் செய்தால் சலிப்பு வருமே என்று நானும் பக்கத்து ஜன்னலில் ஒன்று கட்டிக்கொண்டு செய்தேன். துணைக்குத்தான். அதற்குச் சணல் கயிற்றில் சட்டைப் பொத்தானைக் கோத்து வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்ப்பார். “ரெண்டு மாட்டுக்கும் மூக்கணாங்கயிறு போட்டாச்சு. வண்டியைப் பூட்டிர வேண்டியதுதான்,” என்பார். அவருக்கு எல்லாம் விளையாட்டு.

மூன்றாம் வாரம் கெசியா கத்தினாள், “பெரியம்மா, ரெண்டு கயிறு தெரியுது.” எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. பொத்தானில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பிள்ளையின் கயிற்றை வாங்கிப் பார்த்தேன். அதிலும் ஒன்றுதான்.

அடுத்த தடவை வந்தபோது முபீனாவிடம் சும்மா கேட்டு வைத்தேன். “எனக்குத் தெரிஞ்ச பிள்ளை ஒண்ணு இருக்கு. அதுக்கு ஒரு கயிறுதான் தெரியுதாம். அது எதனால?”

“அந்தப் பிள்ளைக்குத் தலைவலி உண்டா பெரியம்மா?”

“எப்பமாச்சும். வாசிச்சா.”

“ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு வாசிக்குமா?”

“முந்தானையால,” என்றேன்.

முபீனா எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு புதுக் கயிறு எடுத்துவந்து என் கையில் தந்தது. “இதை அந்தத் தெரிஞ்ச பிள்ளைக்குக் குடுங்க. தினமும் கால் மணி நேரம். செஞ்சு பாத்துட்டு என்ன தெரியுதுன்னு வந்து சொல்லச் சொல்லுங்க.” நல்ல பெண். இந்தப் பையில்தான் வைத்திருக்கிறேன். பச்சை மணி லேசாக உடைந்திருக்கிறது, பஸ்ஸில் நசுங்கிவிட்டது.

நடுவில் கெசியாவுக்கு நல்ல முன்னேற்றம். டிக்டேஷனில் பத்துக்கு ரெண்டு வாங்கினவள் ஆறு வாங்கினாள், எட்டு வாங்கினாள். எழுத்து கோட்டின் மேல் உட்கார ஆரம்பித்தது. கண் சரியானால் வாசிப்பு தானாக வந்துவிடாது, தினமும் வாசித்துப் பழக வேண்டும் என்று முபீனா கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. அதனால் பிள்ளை கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தாள். பஸ் போர்டு, சோப்பு உறை, கரண்ட் பில். மருந்து டப்பாவைப் பார்த்து, “பெரியம்மா, நீங்க தடவுற தைலம் போன வருஷமே தேதி முடிஞ்சுட்டு,” என்றாள். அதையும் வாசித்துவிட்டாள்.

சந்தோஷம்தான். நான் கேட்ட ஜெபம்தானே. ஆனால் ஒன்பதாம் வாரம் ஒன்று செய்தாள். ஜெபத்துக்குப் பாய் விரித்ததும் என் பக்கத்தில் உட்காரவில்லை. “நான் அப்பா பக்கத்துல உக்காருதேன் பெரியம்மா. அங்க வெளிச்சம் நல்லா இருக்கு,” என்று போய்விட்டாள். வெளிச்சமாம். மூன்று வருஷமாக என் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்தவளுக்கு இப்போது வெளிச்சம் வேண்டியிருக்கிறது. மத்தியானம் நெட்டுருப் போடவும் வருவதில்லை. “வாசிச்சுக்கிடலாம்லா பெரியம்மா?” என்பாள். அவள் இடம் மாறினாலும் வாசிக்கிற முறை பழையபடிதான். நான் மட்டும் தனியாக உட்கார்ந்து அஞ்சு, பத்து, பதினைந்து.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்லலாம். நீங்கள் யாரோ, நான் யாரோ. என் சின்னவன் செல்வினும் வரி தாண்டுவான். எழுத்து ஆடுது அம்மா என்று அவனும் சொல்லியிருக்கிறான். எல்லாருக்கும் ஆடும், விரலை வை என்று தொடையில் கிள்ளியிருக்கிறேன். கரண்டிக் காம்பால் அடித்திருக்கிறேன். பத்தாம் வகுப்பில் தோற்றான், வெல்டிங்குக்குப் போனான். இன்றைக்கும் போனில் ஒரு வார்த்தை எழுதி அனுப்ப மாட்டான், பேசித்தான் அனுப்புவான். குரல் கேட்டால்தானே அம்மாவுக்கு சந்தோஷம் என்று நானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அடித்ததை ஜெபத்தில் சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை.

சரி, அதை விடுங்கள். பதினோராம் வாரம் பேர்ப் பட்டியல் வந்தது. முதல் நாளே ஐசக், “நாளைக்கு நல்ல அதிகாரம், எல்லாம் பேரு,” என்று சிரித்தான். மறுநாள் ஆறே முக்காலுக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டேன். சின்னத் தீயில். பாட்டு முடிந்தது. ஐசக் ஒன்று, எங்கள் வீட்டுக்காரர் ரெண்டு. நான் முட்டியில் கையை ஊன்றி எழுந்தேன். “பால் இருக்கு...”

“நான் அப்பவே இறக்கி வச்சிட்டேன் பெரியம்மா. அடுப்பையும் அணைச்சாச்சு,” என்றாள் கெசியா.

எங்கள் வீட்டுக்காரர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். “அப்ப இன்னைக்கு என்ன செய்யப்போற?” என்றார். முப்பத்தைந்து வருஷம் ஆகிறது கல்யாணமாகி. அந்த மனுஷர் ஒரு தடவைகூட இதைப் பற்றிப் பேசினதில்லை. நான் பாதி எழுந்தபடியே நின்றேன். ஷீபா மூன்றை வாசித்து முடித்தாள்.

கெசியா அப்பா பக்கத்திலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழைய இடம். அவள் முறைக்கு நாலை வாசித்தாள், நாலு பேர், ஒன்றையும் விடவில்லை. அப்புறம் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். காதில் சொல்லவில்லை. விரல் வைக்கவில்லை. புத்தகத்தின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

முந்தானையை எடுக்கக் கை போயிற்று. என்னமோ, எடுக்கவில்லை. குனிந்து பார்த்தேன். கொஞ்சம் ஆடிற்று. தினமும் ஜன்னலில் மஞ்சள் மணியைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். எழுத்துகள் அசெம்ப்ளியில் பிள்ளைகள் நிற்கிற மாதிரி வரிசையாக நின்றன. இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் வெள்ளையாக இடம் இருந்தது. அது அவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாது.

ஏழு பேர். ஒரு பேரில் தட்டிற்று, அது யாருக்கும் தட்டுகிற பேர். ஏழையும் வாசித்தேன். அடுத்தது ஐசக். அவன் வாசிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “மைனி...” என்றான். எங்கள் வீட்டுக்காரர்தான், “அடுத்த வசனம் யாரு, தூங்கிட்டியளோ?” என்றார். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. சளியாக இருக்கும்.

பத்தும் வாசித்தேன், பதினைந்தும் வாசித்தேன். கடைசியில் ஜெபம் பண்ணச் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு ஜெபம் நீளமாக வரவில்லை. ஆமென் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனால் பால் ஆறி ஆடை படிந்திருந்தது.

அதோ கதவு திறக்கிறது. வா வா. என்னட்டி சொன்னாங்க மேடம்?

“உங்களைத்தான் கூப்பிடுதாங்க பெரியம்மா. சொர்ணபாய்னு உங்க பேரை ஃபைல்ல எழுதியாச்சு.”

கேட்டீர்களா? அவளுக்குப் போன மாதத்தோடு முடிந்துவிட்டது. இப்போது அவள் எனக்குத் துணைக்கு வருகிறாளாம். நாலு வாரமாக. பிள்ளை ஆசைப்படுகிறதே என்று நானும் வருகிறேன். முபீனாவிடம் ஒன்று கேட்கவும் வேண்டும். முப்பத்தோரு வயதில் இந்தப் பயிற்சி பலிக்குமா என்று. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் டிசம்பரில் லீவுக்கு வருகிறான்.

ஏட்டி கெசியா, அந்தத் தம்பிக்குக் கயிறு எப்படிப் பிடிக்கணும்னு காட்டிக் கொடு, பயந்துபோய் உட்கார்ந்திருக்கான் பாரு. உன்னுடையது வேண்டாம், அது முடிச்சு விழுந்து கிடக்கு. என் பையைத் திற. பச்சை மணி உடைஞ்சது ஒண்ணு இருக்கும். பார்த்து எடு, அது என்னோடது.